மாஸ்டருக்கு வைத்த பொட்டு

அமெரிக்காவில் ஏதோ ஒரு வங்கி கவிழ்ந்தால் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் என் தோழிக்கு ஏன் வேலை போக வேண்டும்? அந்த வருடம் இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆள் இல்லை. கேன்டீனில் கேட்டேன், சர்ச்சில் ஜெபக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன், அடுகோடியில் எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரரைக்கூட விடவில்லை. எல்லோரும் தலையை ஆட்டி, "உலகமே இப்ப அப்படித்தாம்மா" என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக் கடனை வாரி இறைத்தவன் எங்கோ இருக்கிறான். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனவள் இவளா?

எங்கள் கம்பெனி டீசல் பம்புக்குள் போகும் எஃகு வளையங்களைச் செய்கிறது. ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை எங்களிடம் சாதாரண வளையங்களை வாங்கும். மிக நுட்பமான வளையங்களை மட்டும் தானே செய்துகொள்ளும். உங்களால் ஆகாது என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே எங்களுக்குப் புரிந்திருந்தது. நானும் தோழியும் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. வளையங்களை அளந்து, தேறியதையும் தேறாததையும் பிரிப்போம். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. நான் பெர்மனன்ட், அவள் கான்ட்ராக்ட். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார் மேனேஜர். அவளும் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜெர்மனிக்காரர்களின் ஆர்டர் முதலில் பாதியானது, பிறகு நின்றே போனது. வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. ஒரு சனிக்கிழமை கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பது பேரையும் அனுப்பிவிட்டார்கள். டயல் முதலான அளவுக் கருவிகள் இருக்கும் அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவள், "டயல கீழ போட்டுத் தொலைக்காத. உனக்கு கை ஒரு எடத்துல நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான்தான் கைக்குட்டையோடு நின்றேன். அடுத்த வாரமே ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலர்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள், இங்கே வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

ஒரு வருடம் இப்படியே இழுத்துக்கொண்டு போனது. மேற்கே இருந்த பொருளாதார பலம் கிழக்கே நகர்கிறது, இனி நம் காலம் என்று டிவியில் கோட் போட்டவர்கள் பேசினார்கள். வரட்டும், வந்தால் எங்கள் கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறோம் என்று நான் டிவிக்கே பதில் சொல்வேன். வீட்டுக்காரர் சிரிப்பார்.

ஒரு நாள் அது நிஜமாகவே வந்து கேட்டைத் தட்டியது. ஜெர்மனித் தொழிற்சாலையை மூடப்போகிறார்களாம். அந்த நுட்பமான வளையம் செய்யும் லைனை அப்படியே வேறு நாட்டுக்கு மாற்றப்போகிறார்களாம். போட்டியில் நாங்களும் வேறு இரண்டு நாட்டுக் கம்பெனிகளும். ஐம்பது வளையங்களைச் சாம்பிளாகச் செய்து அனுப்ப வேண்டும், அவர்கள் அளந்து பார்ப்பார்கள். மேனேஜர் மண்டியா பக்கத்துக்காரர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். "சாம்பிள் பாஸ் ஆச்சுன்னா போன நாப்பது பேரையும் திருப்பி கூப்பிடலாம்மா" என்று என் எதிரில் சொன்னார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

சாம்பிள் செய்யத் தொடங்குவதற்கு முதல் நாள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் அறையில் அதைச் செய்வது எப்போதும் தோழிதான். எங்களுடையது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். பூஜை அன்று பொரியும் சுண்டலும் வாங்கித் தின்பதோடு என் பங்கு முடிந்துவிடும். அந்த வருடம் அவள் இல்லை. மற்ற டிபார்ட்மென்ட்டில் எல்லாம் மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறை மட்டும் வெறிச்சென்று கிடந்தது. அவள் இருந்திருந்தால் விட்டிருப்பாளா? நானே சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மேசைக்கு, அலமாரிக்கு, டயலுக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் அறையில் மிக உசத்தியானது மாஸ்டர். வேறொன்றுமில்லை, தடிமன் இவ்வளவுதான் என்று சான்றிதழோடு வரும் ஓர் எஃகு வளையம். அதை டயலுக்குக் கீழே வைத்து முள்ளைச் சைபரில் நிறுத்துவோம், அதற்குப் பிறகுதான் மற்ற வளையங்களை அளப்போம். உசத்தியானதுக்கு உசத்தியாகச் செய்ய வேண்டாமா? பெட்டியிலிருந்து எடுத்து, அதன் முகத்திலேயே தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் உலர்ந்த துணியால் துடைத்தேன். மஞ்சளும் சிவப்பும் போய்விட்டது, எஃகு பளபளவென்றிருந்தது. வழக்கமாக ஸ்பிரிட் போட்டுத்தான் துடைக்க வேண்டும். சாமிக்கு வைத்ததை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா என்று எனக்கு ஒரு தயக்கம். அடுத்தவர்கள் சாமி விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத்தான் பயப்படுவேன்.

ஐம்பது வளையங்களையும் செய்தோம். ஒவ்வொன்றையும் நான்கு முறை அளந்தேன். எல்லாம் கச்சிதம். பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. ஐம்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அன்று மேனேஜர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அங்கே அளந்த ஜெர்மனிக்காரன் வேண்டுமென்றே செய்திருப்பான், தன் வேலை போகிற வயிற்றெரிச்சலில் எழுதியிருப்பான் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அறையில் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக ஹெப்பகோடிக்குத் தோழி வீட்டுக்குப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஜெர்மனிக்காரனைத் திட்டவில்லை.

"எவ்ளோ ஜாஸ்தி?" என்றாள்.

"ஏழு மைக்ரான், எட்டு மைக்ரான்." அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அவர்கள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தார்கள்.

"அம்பதுமா? ஒண்ணுகூட கம்மியா வரலையா?"

"எல்லாமே ஜாஸ்திதான்டி."

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "மெஷின் தப்பு பண்ணா மேலயும் கீழயும் பண்ணும். எல்லாம் ஒரே பக்கம் போச்சுன்னா அளந்ததுல தப்பு. மாஸ்டர யாருனா தொட்டாங்களா?"

"யாரும் தொடல. பூஜைக்கு நான்தான் எடுத்து பொட்டு வச்சேன்."

"எங்க வச்ச?"

"மாஸ்டர் மேலதான்."

"மாஸ்டர் மேலயா? லூசாடி நீ? ஆறு வருஷமா பாத்தியே, நான் பெட்டி மேலதான வப்பேன்! மூடிய தொறந்துகூட பாக்க மாட்டேன்!" ஈரக் கையோடு என் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து சுண்டலை மட்டும்தான் கவனித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மாஸ்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து, சாம்பிளோடு சேர்த்துக் கூடுதலாகச் செய்து எங்களிடம் மிச்சமிருந்த வளையங்களை அளந்தேன். ஏழு. எட்டு. ஏழு. ஜெர்மனிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் மாஸ்டரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த சந்தனத்தையும் சேர்த்துத்தான் சைபர் என்று நம்பியிருக்கிறேன்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஜெர்மனியோடு போனில் மீட்டிங் இருந்தது. "சந்தனம்னு சொன்னா சிரிப்பாங்கம்மா. ஏசி சரியில்ல, டெம்பரேச்சர் ஏறிப்போச்சுன்னு சொல்லிடலாம். உண்மை பேடா, வேணாம்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேலை போகிற பயம் இருந்தது, எனக்கும் இருந்தது. டெம்பரேச்சர் என்று சொன்னால் அதற்கு ஒரு ரிப்போர்ட் கேட்பார்கள், அதற்கு இன்னொரு பொய் தயாரிக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் மணி அடித்தது.

அந்தப் பக்கம் எங்கள் சாம்பிளை அளந்தவரே பேசினார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தடவித் தடவித்தான் நடந்தன. என்ன காரணம் என்று கேட்டார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு நன்றி சொல்வோம், சந்தனம் வைப்போம், நான் மாஸ்டர் மேலேயே வைத்துவிட்டேன், தவறு முழுக்க என்னுடையது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிப்பு எதுவும் கேட்கவில்லை. இதை யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டார். என் தோழி என்றேன். அவரிடம் பேசலாமா என்றார். அவள் இங்கே இல்லை, உங்கள் ஆர்டர் நின்றபோது அனுப்பிவிட்டார்கள் என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் காரம் ஏறிவிட்டது, மறைக்க முடியவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார். அங்கேயும் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். மாதக் கடைசியோடு அவரும் போகிறார். பதினெட்டு வயதில் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவராம். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை என்னவெல்லாம் சொல்லியிருந்தேன்! மன்னியுங்கள் என்றேன். எதற்கு என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. புதிதாக ஐம்பது செய்து மாதம் முடிவதற்குள் அனுப்புங்கள், நானே அளக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தார்.

மறுபடி செய்தோம். இந்த முறை நான் மாஸ்டரைத் துடைத்த துடைப்பில் அறை முழுக்க ஸ்பிரிட் வாடை. பார்சல் போன பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வாரம்போல நீண்டது. மாதத்தின் கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மேனேஜர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. ஐம்பதும் தேறியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே குறிப்பு என்ற இடத்தில் நான்கைந்து வரி எழுதியிருந்தார்: அளக்கும் அறையில் தேர்ந்த நிரந்தர ஊழியர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். மாஸ்டரில் இருந்த தவறைக் கண்டுபிடித்தவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையோடுதான் ஒப்புதல்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "போற நேரத்துல நம்ம கைய கட்டிப்போட்டுட்டு போயிட்டாரும்மா மனுஷன். திங்கக்கிழமையே உன் தோழிய வரச் சொல்லும்மா" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. அங்கே அந்த மனிதர் மேசையைக் காலி செய்துகொண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு வந்த வேலை அவர் கையிலிருந்து போன வேலை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அவர்களுடைய மெஷின்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. போன நாற்பது பேரில் வேறு ஊருக்குப் போய்விட்ட சிலரைத் தவிர எல்லோரும் திரும்பினார்கள். இப்போது எங்கள் டிசைன் பிரிவில் பிள்ளைகள் புதிய வளையங்களை வரைகிறார்கள், அதைப் பார்த்துப்போக ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உலகத்தின் பலம் இடம் மாறியது இதுதான் என்றால் இருக்கட்டும். எனக்கு அது மாறியது அந்த வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்.

கார்மென்ட்ஸில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் போனைத் தொட விடுவார்கள். ஒரு மணி ஆகும்வரை காத்திருந்து கூப்பிட்டேன். பின்னால் தட்டுச் சத்தம், நூறு பெண்கள் பேசும் சத்தம்.

"பாஸ் ஆயிடுச்சுடி. திங்கக்கிழமையிலிருந்து வா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "கான்ட்ராக்ட்தான?" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பதுபோல.

"இல்லடி. பெர்மனன்ட்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், கட்டாகவில்லை.

"என்ன சொன்ன? இங்க சத்தமா இருக்கு, இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.