அழும் பக்கம்

நீச்சல் குளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. மீதிப் பேருக்கு அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாது. எல்லோருக்கும் அவள் விசில்தான். கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில், விசிலுக்குப் பின்னால் ஒரு பெண். கண்ணில் படுவதும் அதே வரிசையில்தான்.

குரல் அவ்வளவு சின்னது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "தம்பி, ஓடாதே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், தம்பி ஓடி, வழுக்கி, விழுந்து, எழுந்து, தன் அம்மாவிடம் தரையைப் பற்றிப் புகாரும் கொடுத்திருப்பான். விசில் ஊதினால் நிற்பான். ஆனால் விசிலுக்குத் தெரிந்தது 'நில்' என்ற ஒரே சொல். எதற்கு நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லத்தான் பலகை வந்தது.

பலகை என்றால் சுவரில் ஆணி அடித்த தகரப் பலகை இல்லை. அது அலுவலகத்து ஐயாக்கள் வைத்தது. விதிமுறைகள் என்று தலைப்புப் போட்டு நீல எழுத்தில் என்னென்னவோ இருக்கும். படித்தவர் யாரும் கிடையாது. துண்டு காயப்போட வசதியாக இருந்தது, அவ்வளவுதான். விசிலின் பலகை வேறு. குளியலறை வாசலில் தொங்கிய வெள்ளைப் பலகை. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று தினமும் காலையில் அதில் மார்க்கரால் எழுத வேண்டும். எழுதினால் ஓர் எண் மட்டும் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும். கீழே அத்தனை இடமும் காலி. காலி இடத்தைப் பார்த்தால் கை அரிக்கிற ரகம் அவள்.

முதலில் எழுதியது இது: "ஓடாதீர்கள். ஈரத் தரைக்கு உங்களை யாரென்று தெரியாது. நேற்று ஒருவர் அதிகாரியாக ஓடினார். ஆளாக விழுந்தார்."

அப்புறம் இது: "மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கவும். ஒருவர் தன் மோதிரத்தைத் தேடி ஒரு வாரமாக முங்கினார். முங்கு நீச்சல் நன்றாக வந்துவிட்டது. மோதிரம் வரவில்லை."

சோப்போடு இறங்கியவர் பற்றி ஒன்று. மூக்குக்கண்ணாடியோடு குதித்தவர் பற்றி ஒன்று. யாராவது ஒருவர் தப்புப் பண்ணுவார், மறுநாள் அது விதியாகிவிடும். குளிக்க வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு வேலை ஏது? படிப்பார்கள். முன்னால் நிற்பவர் தனியாகச் சிரித்தால் பின்னால் நிற்பவர் கழுத்தை நீட்டுவார். "இன்னிக்கு யாரு விழுந்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்களும் உண்டு. மோதிரக்காரர் ஒரு நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, "இது நான்தான்" என்று காட்டினார்.

"தொலைச்சதுல பெருமையைப் பாரு," என்றார் அந்த அம்மா. என்றாலும் இரண்டு தடவை படித்தார்.

நாற்காலியிலிருந்து பார்த்தால் படிக்கிறவர்களின் முதுகு மட்டும்தான் விசிலுக்குத் தெரியும். அது போதும் அவளுக்கு. தோள் குலுங்கினால் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். தோள் சும்மா இருந்தால் மறுநாள் அதை அழித்துவிட்டு வேறு எழுதுவாள்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. காரணம் அண்ணி.

அண்ணி என்பவர் அவள் கணவருக்கு அக்கா. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். போன வருஷம் இரண்டு பெட்டியோடு வந்து முன்னறையில் தங்கினார். தங்கினவர் தங்கினவர்தான். வீட்டுக்காரர் எங்கே, ஏன் வந்தீர்கள் என்று இவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டிகளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது அவருடைய சிவப்புப் பேனா. மருந்துச் சீட்டு, மின்கட்டண அறிவிப்பு, யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை, எதுவும் அதற்குத் தப்பாது. ஒரு தடவை கடைக்குப் போகிற கணவரிடம் விசில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். 'விலக்குமாறு ஒன்று' என்று இருந்தது. வழியில் அது அண்ணி கைக்குப் போனது.

"விலக்குமாறா? யாரைம்மா விலக்கணும்?" என்று கேட்டார் அண்ணி. தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு சின்னச் சந்தேகம் அந்தக் கேள்வியில் இருந்தது. அன்றிலிருந்து விசில் துண்டுச் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டாள். வாயால் சொல்வாள். கணவர் பாதியை மறந்துவிட்டு வருவார்.

அவள் படிப்பு ஏழாவதோடு நின்றது. பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதி வா என்று தண்டனை கொடுப்பார்கள். நூறு முறையும் அதே பிழையோடு எழுதிக்கொண்டு போவாள். நல்ல பயிற்சி. இன்று வரை மறக்கவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. குளத்தில் தண்ணீரை விடப் பிள்ளைகள் அதிகம். கொஞ்சம் அசந்தால் ஒன்றிரண்டு ஆழத்துப் பக்கம் நழுவிவிடும். விசில் அவசர அவசரமாக ஒரு விதி எழுதினாள். ஒரு பக்கம் போகப் போக ஆழமாகிக்கொண்டே போகிறது என்றால் அது ஆழும் பக்கம்தானே என்பது அவள் கணக்கு. "சிறுவர்கள் ஆழும் பக்கம் போகக் கூடாது. பெரியவர்கள் போகலாம். அவரவர் பொறுப்பு."

அன்றைக்கே ஏதோ ஓர் ஈரத் தோள் பலகையில் உரசிக்கொண்டு போனது. போகும்போது 'ஆ'வின் வாலையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. விசில் அதைக் கவனிக்கவில்லை. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, எழுத நினைத்ததுதானே கண்ணுக்குத் தெரியும்? தோள்கள் வழக்கத்தை விட நன்றாகக் குலுங்கின. அது மட்டும் தெரிந்தது. சிரிக்கிற மாதிரி இதில் ஒன்றும் எழுதவில்லையே என்று கொஞ்சம் குழம்பினாள். பிறகு, சரி, தனக்கே தெரியாமல் நன்றாக எழுதிவிட்டோம் போல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி சிரித்தார். அந்த வீட்டில் அது ஒரு செய்தி. விசிலின் கணவர் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார்.

"என்னக்கா, நீயா சிரிக்கறே?"

"இதைப் பாருடா. எங்க டீச்சருங்க குரூப்ல வந்திருக்கு. ஏதோ குளத்துல எழுதி வெச்சிருக்காங்க." அண்ணி போனைத் தூரமாகப் பிடித்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தார். "சிறுவர்கள் அழும் பக்கம் போகக் கூடாது. பெரியவர்கள் போகலாம். அவரவர் பொறுப்பு."

கணவருக்கு ஃபிரிட்ஜ், கூலர் ரிப்பேர் வேலை. அவருக்கு எழுத்துக்கு முன்னால் இயந்திரம்தான் கண்ணில் படும். போனை வாங்கிப் பார்த்தார். "ஓரத்துல தெரியுது பாரு, இந்தக் கூலர் நான் ரிப்பேர் பண்ணினது. இது இவளோட குளம்."

இரண்டு தலைகளும் விசில் பக்கம் திரும்பின. அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா எழுதினே?" என்றார் அண்ணி.

"மேல இருக்கற நம்பர் நான் எழுதினது."

"கீழே?"

விசில் கரண்டியைக் குழம்புக்குள் விட்டுக் கலக்கினாள். கணவர்தான் வழக்கை எடுத்துக்கொண்டார். "ஆவோட வால் அழிஞ்சிருக்குக்கா. லேசா தெரியுது பாரு."

"வால் இருந்தாலும் தப்புதான்டா. ஆழும் பக்கம்னு ஒண்ணு உண்டா? ஆழமான பக்கம்."

"ஒரு ஸ்க்ரூ கழண்டதுக்கு ஃபிரிட்ஜே தப்புன்னு சொல்லுவியா?"

"கழண்டது ஸ்க்ரூ இல்லடா, கதவு."

சொன்ன பிறகுதான் அண்ணி விசிலின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விசில் உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் பலகையில் எண் மட்டும் இருந்தது. மேலாளர் பார்த்துவிட்டு, "இதான் நீட்டா இருக்கு" என்றார். குளிக்க நின்ற வரிசை வெள்ளைப் பலகையை வெறித்தது. மோதிரக்காரர் நாற்காலிக்குக் கீழே வந்து நின்று, "என்னைய அழிச்சிட்டீங்களே" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டார். விசில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள். இனி எழுதுவதில்லை என்று முடிவு பண்ணியாயிற்று. தெரியாத வேலையில் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? ஆனால் மார்க்கரை மட்டும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், காலையில் திரும்பக் கொண்டு வந்தாள். எதற்கென்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

பெண்கள் நேரத்தில் தினமும் வருகிறவர் ஒருவர். பச்சைத் தொப்பி. நன்றாக நீந்துவார். நேராக ஆழத்து மூலைக்குப் போய், அங்கேயே மிதந்துவிட்டுத் திரும்புவார். அன்றைக்கும் அப்படித்தான் போனார். பச்சை மேலே வந்தது, உள்ளே போனது, மேலே வந்தது. அப்புறம் உள்ளே போனது. மறுபடி வருகிற நேரத்துக்கு வரவில்லை. விசிலுக்குத் தலை யோசிக்கும் முன்னே கால் குதித்துவிட்டது.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக் கரையோரக் கம்பியைப் பிடிக்க வைத்தாள். இருமி முடித்ததும் கரையில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினாள்.

"நல்லா நீந்தறவங்கதானே நீங்க. என்ன ஆச்சு?"

"அழுதேன்," என்றார் பச்சைத் தொப்பி. நேரம் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

விசில் நழுவிய துண்டை அவர் தோளில் இழுத்துவிட்டாள்.

"வீடு முழுக்க ஆளுங்க, ஒரே பாத்ரூம். உள்ள போனதும் யாராவது கதவைத் தட்டுவாங்க. பஸ்ல அழுதா பக்கத்து சீட்டு கேக்கும். இங்க நீங்களே போர்டுல போட்டிருந்தீங்க, பெரியவங்க போகலாம்னு. பரவால்லையே, இதுக்குக்கூட ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்களேன்னு நினைச்சேன்."

"அது தப்பும்மா. ஆழம்னு எழுத வந்தது. எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிச்சாங்க."

"நானும்தான் சிரிச்சேன். சிரிச்சிட்டுத்தான் இறங்கினேன்."

அவர் போன பிறகு விசில் மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அழுதுகொண்டே நீந்த முடியாது. மூக்கு அடைக்கும், மூச்சு பாதியில் உடையும், காற்றுக்காக வாய் திறக்கும், உள்ளே போவது காற்றாக இருக்காது. அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் தசைப்பிடிப்பைச் சொன்னார்கள், மயக்கத்தைச் சொன்னார்கள். இதைச் சொல்லவில்லை. ஒரு வால் போனதற்கு ஓர் ஆள் போயிருப்பார். அதை விட அவளை உலுக்கியது இன்னொன்று. தகரப் பலகையை யாரும் நம்பியதில்லை. இவள் கிறுக்கியதை ஒருவர் நம்பித் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். பலகையில் அழித்தாயிற்று, சரி. போன்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதே. படித்தவர் தலைக்குள்ளே போய் எந்தத் துணியால் துடைப்பது? சரியாக ஒன்று எழுதினால்தான் உண்டு. அதில் ஒரு பிழை இருக்கக் கூடாது. பிழை பிடிக்கத் தெரிந்த ஆளோ அவளுக்கு ஒரே ஒருவர்தான்.

சாயங்காலம் அண்ணி முன்னறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். விசில் மேசையைத் துடைக்கிற சாக்கில் வந்து, தன் தாளை அந்தக் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டுப் போனாள். கையில் கொடுக்கிற தைரியம் வரவில்லை. அடுக்களைக் கதவு ஓரத்தில் நின்று, ஒவ்வொரு தாளாகப் புரள்வதைப் பார்த்தாள். அதற்குப் பேசாமல் குளத்தில் குதித்துவிடலாம் போல இருந்தது.

"இது யாரு, நம்பர் போடாத பேப்பர்?" என்றார் அண்ணி.

"நான்தான் அண்ணி. தப்பு மட்டும் பாத்துத் தாங்க. மார்க் வேண்டாம்."

அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். சிவப்புப் பேனா இறங்கியது. "'கம்பி உள்ள மூலை'ங்கற இடத்துல 'உல்ல'ன்னு போட்டிருக்கே. இங்க பாரு, 'மூச்சு தவரும்'னு இருக்கு. வல்லின ற வரணும். தவறுங்கற சொல்லையே தவறா எழுதியிருக்கியே."

"அது பொருத்தமாத்தானே அண்ணி இருக்கு?"

அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பேனா மேலும் இரண்டு இடத்தில் வட்டம் போட்டது. அப்புறம் முதலிலிருந்து மெதுவாக வாசித்தார். இந்த முறை வகுப்புக் குரல் இல்லை.

"ஆழமான பக்கத்தில் அழக் கூடாது. அழுதால் மூச்சு தவறும். அழ வேண்டியவர்கள் இடுப்பளவுத் தண்ணீருக்கு, கம்பி உள்ள மூலைக்கு வரவும். கால் தரையில் இருக்கட்டும். ஒரு கை கம்பியில் இருக்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று கேட்க மாட்டேன்."

கடைசி வரியில் பேனா முனை நின்றது. நின்ற இடத்தில் மை ஊறி, ஒரு சிவப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

"அதுல என்ன தப்பு அண்ணி?"

"ஒண்ணுமில்லை. அது சரியா இருக்கு." பேனாவை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் கேக்கறதில்லைதான்."

விசில் நகரவில்லை. அண்ணி தாளை மடிக்கப் பார்த்தார், மடிக்காமல் மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"பொம்பளைங்க நேரம் எப்போ?"

"மத்தியானம். சனிக்கிழமைல சாயங்காலமும் உண்டு." விசில் தயங்கினாள். "உங்களுக்கு நீச்சல் தெரியாதே அண்ணி."

"இடுப்பளவுத் தண்ணில நிக்கறதுக்கு எதுக்கு நீச்சல்?"

"தேவையில்லைதான். ஆனா முதல்ல ஷவர்ல நனைஞ்சிட்டுத்தான் இறங்கணும். யாரா இருந்தாலும்."

"அப்போ அதையும் எழுது," என்று அண்ணி சிவப்புப் பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

விசில் மேசை மேல் குனிந்தாள். முதல் சொல்லிலேயே கை நின்றது. "முதலில்னு எழுதணும். எந்த ல அண்ணி?"

"ரெண்டும் சின்ன ல," என்றார் அண்ணி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

விசில் தலை நிமிராமல் எழுதினாள்.