வௌவாலுக்குச் செய்த முகச்சவரம்

எங்கள் விலங்கியல் பேராசிரியருக்கு வௌவாலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவருடைய பழுப்பேறிய நோட்டில் இருந்த ஒன்றரைப் பக்கம்தான். வருஷா வருஷம் அதையே வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். அதற்குப் பெயர் படிப்பு. தலையெழுத்து!

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தோம். "இந்தப் பரீட்சையில தேறலைன்னா படிச்சது போதும், மாமா பையன் காத்துக்கிட்டிருக்கான்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மாமா பையனைக் கண்டாலே ஆகாது.

பிராக்டிகல் தேர்வுக்கு ஆளுக்கொரு உயிரினத்தைப் பிடித்துப் பதப்படுத்தி வைக்க வேண்டும். மற்றவர்கள் தவளையும் தேளும் கொண்டுவந்தார்கள். நான், குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த போர்க்காலத்துக் கிடங்கில் செத்துக் கிடந்த இலைமூக்கு வௌவாலை ஃபார்மலினில் போட்டுக் கொண்டுபோனேன். மூக்கைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தோல். அது மூக்கால்தான் ஒலி விடும். அந்த இலை ஒலியைக் குவித்து அனுப்பும். பூச்சியில் பட்டுத் திரும்புவதைக் காது வாங்கிக்கொள்ளும். நூலகத்தில் தேடிப் படித்திருந்தேன். இதன் வம்சத்துப் பல்லும் தாடையும் பிரான்ஸ் நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன, சில கோடி வருஷங்களுக்கு முந்தையவை. மனிதனே இல்லாத காலம். பேராசிரியர்களும் இல்லாத நல்ல காலம்.

எங்கள் பேராசிரியர் ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது, மூஞ்சியெல்லாம் புண்ணு?" என்றார்.

"மூக்கிலை சார். ஒலி அது வழியாத்தான்..."

"வௌவால் வாயாலதான் கத்தும். என் நோட்ஸ்ல இருக்கு. வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்ற நேரத்துல இந்தச் சொறி பிடிச்சதை வெச்சு என் மானத்தை வாங்காதே."

தேர்வன்று காலையில் போய்ப் பார்த்தால் வௌவாலின் முகம் மழமழவென்று இருந்தது. ஜாடியில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘பழந்தின்னி வௌவால், குட்டி.’ மண்ணூர்பேட்டையிலிருந்து வரும் லேப் அட்டெண்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் இன்னா பண்ண சொல்ற, தங்கச்சி? சாருதான் பிளேடு குட்த்து, செரைச்சி உடுன்னாரு. செரைச்சி உட்டுட்டேன்."

வந்த எக்ஸாமினர் நரைத்த தலைக்காரர். சீட்டைப் படித்தார். வௌவாலை வெளியே எடுத்து, கால் விரல்களை அழுத்தி அழுத்தி லென்ஸில் பார்த்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். இலைமூக்கையும் லாடமூக்கு வௌவாலையும் ஒரே குடும்பத்தில் போட்டவர்கள் உண்டு. பிரித்தவர்கள் விரலைத்தான் எண்ணுவார்கள்: லாடமூக்குக்கும் பழந்தின்னிக்கும் கட்டைவிரல் தவிர மற்றவற்றில் மூன்று மூன்று எலும்பு, இலைமூக்குக்கு எல்லாவற்றிலும் இரண்டே. மூக்கை வெட்டச் சொன்ன அறிவாளிக்கு விரலைப் பற்றித் தெரியவில்லை.

"இது என்னம்மா?" என்று கேட்டார் எக்ஸாமினர்.

அவருக்குப் பின்னால் நின்று பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மார்க் அவர் கையில் இருந்தது.

"பழந்தின்னி வௌவால் சார். குட்டி."

நான் தேறினேன். மாமா பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆனால் அன்று அந்த எக்ஸாமினர் வௌவாலை ஜாடிக்குள் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருஷமாகப் பேராசிரியரை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.