ஒரு சொட்டு நீலம்

என் தம்பி வீடுகளுக்கு வெள்ளையடித்தவன். ஐம்பது வயதில் தரையில் துணியை விரித்து, விளக்குமாற்றால் பெயிண்டை வீசிப் படம் போட ஆரம்பித்தான்.

"என்னடா படம் இது?"

"என் மனசுதான், அக்கா."

"அவ்வளவு அழுக்காடா?"

வீசுவான் அழகாக, நிறுத்தத்தான் தெரியாது. ஒன்பது படங்களைச் சேறாக்கினான். பத்தாவது படம், ஓவியக் கண்காட்சி நடத்தும் ஒருவருக்குப் பிடித்துப்போனது. மறுநாள் அதை எடுத்துப்போக வண்டி வருவதற்குள் மறுபடி வாளியைத் தூக்கினான்.

"ஒரே ஒரு சொட்டு நீலம்க்கா."

"உன் ஒரு சொட்டு எனக்குத் தெரியாதா? வெளியே போடா!"

அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கண்காட்சியில் ஒருவர் வியந்தார்: "சரியான இடத்துல நிறுத்தியிருக்கீங்க!"

"எங்க அக்காதாங்க நிறுத்தினா" என்றபடி சட்டைப்பைக்குள் கையை விட்டான். உள்ளே சின்னதாக ஒரு நீலப் பெயிண்ட் குப்பி. பிடுங்கிக்கொண்டேன்.