வந்தாச்சு, மூடு

இது நடந்தது. நம்பாதவர்கள் ஒரு நாள் காலையில் எங்கள் பகுதிப் பள்ளி வேனில் ஏறிப் பார்க்கலாம். அதில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அக்கா, கதவை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் கையால் தொட்டுத்தான் எண்ணுவாள். பேன் பார்க்கிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். போன கோடை வரைக்கும் அவள் யார் தலையையும் தொட்டதில்லை.

முன்பு அவள் வேலை செய்யும் முறை வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். வேன் கிளம்பும் முன், முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே "எண்ணு" என்பாள். பின்னாலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வரிசையாகக் குரல்கள் வரும். கடைசிக் குரல் வந்ததும் "வந்தாச்சு, மூடு" என்பாள். ஓட்டுநர் கதவை மூடுவார். தினமும் இத்தனை நடை அடிக்கிறவள் ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடும்பத்தோடு கடைக்குக் கிளம்பினாலும் இதே கூத்துதான். வீட்டுக்காரர் ஒண்ணு. மகன் பெரியவன் ரெண்டு. மகள் மூணு. மகளுக்கு ஏழு வயது. செய்கிற சேட்டைக்கு வாலு என்று பெயர். எண்ணுகிறவள் தன்னை எண்ணிக்கொள்ள மாட்டாள். ஆகவே அந்த வீட்டில் மூணு வந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம்.

கோடை விடுமுறையில் ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது வாலுவின் பல நாள் ஆசை. முதல் வருஷம் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. கோடையில்தான் அங்கே நெருக்கடி. அடுத்த வருஷம் வேன் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. போன வருஷம் வாலு கேட்கவே இல்லை. "நாம போகமாட்டோம்னு எனக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். அதுதான் அக்காவைச் சுட்டது. அடம் பிடிக்கிற பிள்ளையை எப்படியாவது சமாளித்துவிடலாம். அம்மா சொல்வதை நம்புவதையே விட்டுவிட்ட பிள்ளையை என்ன செய்வது? உடம்பு எக்கேடு கெட்டாலும் இந்த வருஷம் போயே தீருவது என்று முடிவு செய்தாள்.

அந்தக் கோடையில் வானத்துக்குப் புத்தி நிலையாக இல்லை. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் மழை. அள்ளிக்கொண்டு வந்து உள்ளே போட்டால் பல்லை இளித்துக்கொண்டு மறுபடியும் வெயில். இரவில் வேலை முடிந்து கால் கடுக்க வந்து உட்கார்ந்து, கணவனும் மனைவியும் போனில் வானிலை பார்ப்பார்கள். தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள்.

கூடாரம் அடுத்த தெருவில் கிடைத்தது. ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு, வேண்டாத சாமான்களை வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். முகத்தில் ஒரு வாரத் தாடி. ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்த கூடாரத்தைப் பையோடு தூக்கிக் கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவைதான் போட்டோம்மா. புதுசு மாதிரிதான் இருக்கும்."

பிறகு, "உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"நாலு பேரு சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதற்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பின்புறப் புல்லில் கூடாரத்தை விரித்தார்கள். முளை அடிப்பதற்குள் வீட்டுக்காரர் கட்டைவிரலை இரண்டு முறை நசுக்கிக்கொண்டார். வேலை முடிந்தபோது மணி ஆறரை. மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்தது. மழை இன்னும் விழவில்லை. உள்ளே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

வாசல் பக்கம் வீட்டுக்காரர். அடுத்து பெரியவன். அடுத்து வாலு. கடைசியில், துணிச்சுவரை ஒட்டி, வேன் அக்கா. தரையில் முதுகு பட்டதும் அவளுக்குச் சொர்க்கமே தெரிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தொல்லை, இடம் போதவில்லை. ஆறு பேருக்கான கூடாரத்தில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

"வாலு, தள்ளிப் படுடி."

"இதுக்கு மேல இடம் இல்லம்மா."

அக்கா கண்ணை மூடியபடியே, பழக்க தோஷத்தில், "எண்ணு" என்றாள்.

"ஒண்ணு." வாசல் பக்கமிருந்து வீட்டுக்காரர்.

"ரெண்டு."

"மூணு."

காற்று கூடாரத்தை ஒரு முறை உப்ப வைத்துவிட்டுப் போனது.

"நாலு..."

சின்னக் குரல். பெண் குழந்தைக் குரல். மிக அருகில்.

அக்கா பாதித் தூக்கத்தில் இருந்தாள். வேனில் ஆயிரம் தடவை சொன்ன வாய். அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வந்தாச்சு, மூடு."

சர்ர்ர்... வீட்டுக்காரர் ஜிப்பை இழுத்து மூடினார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருடி நாலு சொன்னது?"

"நான் இல்லம்மா. நீதானே சொன்னே?"

"நீ சொன்னேன்னுதானே நான் ஜிப்பைப் போட்டேன்?" என்றார் வீட்டுக்காரர்.

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாலு பேர்தான். வாலுவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அக்கா அங்கே கையை வைத்தாள். விரிப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே இன்னும் ஒரு துளி விழவில்லை.

வாலு செய்த சேட்டையாகத்தான் இருக்கும், தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குள் போனார்கள். அக்கா அதை முழுக்க நம்பவில்லை. ஆனால் பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டாமா? மறுநாள் கூடாரத்தை வெயிலில் உலர்த்திப் பையில் போட்டாள். அதற்கடுத்த நாள் பையைத் தொட்டால் ஈரம். மறுபடி உலர்த்தினாள். மறுபடி ஈரம். கூடாரம் நின்ற இடத்தில் புல் சதுரமாக மஞ்சள் பாரித்துக் கிடந்தது. பழைய சாமான் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கிளம்பும் நாள் வந்தது. விடியற்காலை ஐந்து பத்து. அதுவரை நட்சத்திரம் தெரிந்த வானம், சாமான்களைக் காரில் ஏற்றி முடிக்கும்போது கொட்ட ஆரம்பித்துவிட்டது. தேதியை இன்னொரு தடவை தள்ள முடியாது. கிடங்கில் கொடுத்தது மூன்றே நாள் லீவு. முந்தின இரவு அக்கா தூங்கவே இல்லை. சமைத்து, கட்டி, துவைத்து, மடித்து, உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகியிருந்தது. முன் இருக்கையில் விழுந்து தலையைச் சாய்த்தாள்.

"எண்ணு."

"ஒண்ணு." வீட்டுக்காரர் சாவியைத் திருகினார்.

"ரெண்டு." பெரியவன் கொட்டாவியோடு சொன்னான்.

"மூணு."

"வந்தாச்சு, மூடு."

கதவு மூடியது. கார் நகர்ந்தது.

இருபது நிமிஷம் கழித்துப் பெட்ரோல் பங்கில் நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்ற நினைப்பு அப்போதுதான் அக்காவுக்கு வந்தது. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் காலையில் முதல் தடவையாகக் கழுத்தைத் திருப்பினாள்.

பெரியவன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் வாலு இல்லை.

வாலுவின் இடத்தில் கூடாரப் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட் போட்டிருந்தது.

"டேய்... தங்கச்சி எங்கடா?"

பெரியவன் கண்ணைக் கசக்கினான். "இங்கதான் இருந்தா. மழைச் செருப்பு எடுக்கணும்னு இறங்கினா. திரும்பி வந்து ஏறிட்டா. பெல்ட்கூட போட்டாளேம்மா..."

"மூஞ்சியைப் பாத்தியா?"

"இருட்டா இருந்துச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு."

வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பினார்.

மழை... வைப்பர்... மழை...

வழியெல்லாம் அக்காவின் காதில் அந்த "மூணு" ஒலித்துக்கொண்டே இருந்தது. அச்சு அசல் வாலுவின் குரல்தான். பெற்றவளுக்குத் தெரியாதா?

தெரியவில்லையே...

வீட்டுக்கதவு பூட்டியபடி இருந்தது.

அக்கா பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்புறம் ஓடினாள்.

அந்த மஞ்சள் சதுரத்தின் நடுவில் வாலு நின்றிருந்தாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் மழைச் செருப்பு.

அக்கா அவளை வாரி அணைத்தாள். பிள்ளை உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏண்டி இங்க நின்னே? ஏன் கார்கிட்ட வரல?"

"நீதானேம்மா இங்க எண்ணிக்கிட்டு இருந்தே."

"நானா?"

"எண்ணுன்னு சொன்னே. நான் மூணு சொன்னேன். மூணு வந்தாச்சு, இனிமே நீ நாலு, அங்கேயே நில்லுன்னு சொன்னே."

அக்கா மகளைக் கீழே இறக்காமலே வீட்டுக்குள் கொண்டுபோனாள். கணவன், மகன், மகள் மூவர் தலையையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொட்டு எண்ணுகிற பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

பயணம் நின்றுபோனது. சாயங்காலம் மழை விட்டதும் அக்கா கூடாரப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குத் தனியாகப் போனாள். சாமான் விற்றவர் வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார். கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. கட்டி வைத்த பெட்டிகள் மட்டும்தான். பையைப் பார்த்ததும் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"கூப்பிட்டுச்சா?" என்றார்.

வேன் அக்கா பையைத் தரையில் வைத்தாள். "தெரிஞ்சேதான் வித்தீங்களா சார்?"

"எனக்கு ஒரு தடவைகூட கேக்கலம்மா. ராத்திரி ராத்திரி இந்தக் கூடத்துலயே விரிச்சு அதுக்குள்ளதான் படுத்திருந்தேன். ஒண்ணும் இல்ல. சரி, வெறும் துணிதானேன்னு வித்துட்டேன்."

அவர் பெட்டி மேல் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, அலுப்பான குரலில், ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"ஏரிக்கரைக்குப் போனோம். நானு, என் வீட்டுக்காரி, பாப்பா. சாயங்காலமே திடீர்னு மழை, வெள்ளம். அவசர அவசரமா அள்ளிப் போட்டுக் கிளம்பினோம். நான் தூக்கிட்டேன்னு அவ நெனச்சா. அவ தூக்கிட்டான்னு நான் நெனச்சேன். ஆனாலும் நான் கேட்டேம்மா. பாப்பா ஏறியாச்சான்னு கேட்டேன். பின்னாலேருந்து 'ஏறிட்டேன்பா'ன்னு சொன்னா. ரெண்டு பேரும் கேட்டோம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா சீட்ல டென்ட் பைதான் இருந்துச்சு."

வேன் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல என்னம்மா சொன்னா? எப்படிச் சொன்னா?" அவர் முகத்தில் திடீரென்று ஓர் ஆசை வந்துவிட்டது. அதைப் பார்க்க அக்காவுக்குப் பாவமாக இருந்தது. எண்ணுகிற பழக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அன்று கூடாரத்துக்குள் "நாலு" என்ற குரல். தான் வாய் தவறிச் சொன்ன "வந்தாச்சு". காரில் கேட்ட "மூணு". அதுவரை ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மெல்ல மாறியது.

"நாலுன்னா சொன்னா?"

"ஆமா சார்."

"பாப்பாவுக்கு மூணு வயசும்மா. மூணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல வராது. எவ்வளவோ சொல்லிக் கொடுத்தேன்..."

இரண்டு பேரும் பையைப் பார்த்தார்கள். அதிலிருந்து தரையில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"அப்ப அது வேற எதுவோ சார். தொடாதீங்க. கொளுத்திப் போட்டுடலாம்."

அவர் பையை எடுத்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போடுவதுபோல் போட்டுக்கொண்டார்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. பிள்ளைங்க தேடும்."

கதவு சாத்திக்கொண்டது. வேன் அக்கா படியிறங்கி வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டாள். பின்னால் அந்த வெறும் கூடத்தில் கூடாரத்துணி விரிபடும் சத்தம். பிறகு அவர் குரல் கேட்டது.

"எண்ணு."

பிறகு அவரே, "ஒண்ணு."

"ரெண்டு..." சின்னக் குரல்.

"மூணு..."

அதோடு நின்றுவிட வேண்டும் என்று அக்கா கும்பிட்டாள்.

"நாலு..."

உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. அவருக்குத் தெரியும். சற்று முன்புதான் அவர் தன் வாயால் சொன்னார்.

பிறகு அவர் அழுகிற குரலில் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"வந்தாச்சு... மூடு."

சர்ர்ர்... என்று ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.