ஒரு செம்பு நல்ல தண்ணி

எங்கள் வீட்டில் பாலைக் கொட்டினால்கூட மன்னிப்பு உண்டு. நல்ல தண்ணியைக் கொட்டினால் கிடையாது. போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். குடத்தில் மட்டும் இருக்காது. குழாயில் தினமும் வராது. வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி "பானி ஆ கயா!" என்று ஒரு கத்துக் கத்துவார். அவ்வளவுதான், அடுப்பில் இருப்பது கருகினாலும் சரியென்று அம்மா குடத்தோடு ஓடுவாள். வாய் கொப்பளிக்க நான் ஒரு டம்ளர் கூடுதலாக எடுத்துவிட்டால், "ஏட்டி, ஒங்கப்பன் கப்பல்ல கொண்டாந்து எறக்குன தண்ணியா?" என்பாள். அப்பா தீவுக்குத் தீவு ஓடுகிற கப்பலில் வேலை பார்த்தார். நிக்கோபார் பக்கம் போனால் திரும்பி வர நாளாகும். அதனால் அவருக்குச் சேர வேண்டிய திட்டும் என் கணக்கிலேயே விழும்.

அப்பேர்ப்பட்ட அம்மா ஒரு நாள் மத்தியானம் செம்பு நிறைய நல்ல தண்ணியைக் கொண்டுபோய், நாற்றம் பிடித்த ஒரு பாட்டிலில் ஊற்றினாள். என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த பாட்டில் சித்தியுடையது. சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் வீட்டில் தங்கிப் படிப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். அவள் வருவதற்கு முன் அம்மா வெளியே அரைகுறை இந்தியிலும் வீட்டுக்குள் வாயைத் திறக்காமலும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். சித்தி வந்ததும் ரெண்டு பேருமாக ஊர்ப் பேச்சைப் பேசினார்கள் பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். எந்தக் கோயில் கொடைத் திருவிழாவில் யார் யாரோடு சண்டை போட்டது, யார் மகள் யாரோடு ஓடிப்போனது எல்லாம் எங்கள் அடுப்படியில் அலசப்பட்டது. அம்மாவுக்கு இத்தனை சிரிப்பு வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சித்தி படித்தது கிருமிகளை. அதிலும் உப்பில் குடியிருக்கிற கிருமிகளை. அது எங்கள் வீட்டுக் கருவாட்டில்தான் தொடங்கியது. ஊர்க் கல்லுப்பு போட்டு அம்மா காயவைத்திருந்த சீலா மீன், மழைக்காலத்து ஈரத்தில் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "சவம், கெட்டுப்போச்சு" என்று அம்மா எறியப் போனபோது, சித்தி பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கெடலக்கா, வெளஞ்சிருக்கு!" அந்தச் சிவப்பைச் சுரண்டி, கரிக்கிற உப்புத் தண்ணீரில் விட்டு வளர்த்தாள். கல்லூரியில் வைத்திருந்ததை அழுக்கு பாட்டில் என்று யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் வீட்டு ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இந்த ஒன்றுதான். அதை வைத்துச் செய்ய வேண்டிய கடைசிச் சோதனையை முடித்தால் அவளுக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டில் ஆராய்ச்சிக்கு இடம். முடிக்காவிட்டால் இடம் போச்சு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தி எங்களுக்கு அதன் பெருமையை அளப்பாள். உப்பு போட்டால் மீன் ஏன் கெடுவதில்லை? கிருமிக்குள் இருக்கிற தண்ணியை உப்பு வெளியே உறிஞ்சிவிடும். கிருமி வத்தலாகச் சுருங்கிச் செத்துப்போகும். இந்தச் சிவப்புக் கிருமி மட்டும் சாகாது. வெளியே எவ்வளவு உப்போ அதற்கு ஈடாக உள்ளேயும் ஒரு உப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உள்ளும் புறமும் ஒன்றாகிவிட்டால் யார் யாரை உறிஞ்ச முடியும்? சிவப்பு நிறம் அது வெயிலுக்குப் பிடித்திருக்கிற குடை. உப்புக் கல்லுக்குள்ளே மாட்டிக்கொண்ட துளித் தண்ணீரில்கூட அது வெகுகாலம் உயிரோடு உட்கார்ந்திருக்குமாம்.

"நம்மள மாதிரிதாங்க்கா. தூத்துக்குடி உப்புக்குள்ள உக்காந்து கப்பலேறி வந்திருக்கு."

அம்மா சிரித்தாள். "நல்ல தண்ணியில விட்டா என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"வெடிச்சிரும்க்கா. பழகுன உப்பு வெளிய இல்லேன்னா, உள்ள இருக்க உப்பு தண்ணிய இழு இழுன்னு இழுக்கும். அதுக்குத் தாங்காது."

எனக்குத் தலை சுற்றியது. நல்ல தண்ணி என்றால் நல்லதுதானே? நல்லது பட்டால் சாகிற பிராணி உண்டா? போதாததற்கு, நான் கணக்கில் முட்டை வாங்கும்போதெல்லாம் அம்மா கேட்பது, "சோத்துல உப்பு போட்டுத்தானட்டி திங்கே?" உப்புக்கும் ரோஷத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் என்றால், உலகத்திலேயே ரோஷக்காரப் பிராணி அந்தக் கிருமியாகத்தான் இருக்க வேண்டும். இப்படியெல்லாம் யோசித்து, அந்த பாட்டிலிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டேன்.

மெயின்லேண்டிலிருந்து சித்திக்கு போன் வந்தது. இடம் உறுதி, சோதனையை மட்டும் முடித்துக்கொண்டு வா என்று சொன்னார்களாம். சித்தி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். "முடிஞ்சதும் அடுத்த கப்பல்!" அம்மாவும் "நல்லது, நல்லது" என்றாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தோம்.

மறுநாள் சித்தி கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தச் செம்பு. அம்மா நிதானமாக மூடியைத் திறந்து, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் ஊற்றினாள். திரும்பி என்னைப் பார்த்ததும், "வத்திப்போச்சுல்லா, அதான்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

சாயங்காலம் சித்தி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு வெளுத்துப்போய், உள்ளே என்னமோ சளிபோல் கொழகொழவென்று ஆடியது. சித்தி கழுத்துவரை ஏறியிருந்த தண்ணியை விரல் வைத்து அளந்தாள்.

"யாரு தண்ணி ஊத்துனா?"

நான் முந்திக்கொண்டேன். "அம்மாதான் சித்தி. நல்ல தண்ணி! ஒரு செம்பு முழுசா!" அம்மாவின் தாராளத்தைச் சித்தி மெச்சுவாள் என்றே நினைத்தேன்.

"கொறஞ்சு கெடந்துச்சுன்னு ஊத்துனேன்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "ஒங் கிருமியப் பத்தி எனக்கு என்னளா தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியாதா? சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டவளே இவள்தானே? பத்து வருஷத்துக்கு முன்னால் எவள் புளி வாங்கித் திருப்பித் தரவில்லை என்பதுகூட மறக்காத அம்மாவுக்கு இது எப்படி மறந்தது? நினைவுபடுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி சட்டென்று என்னைத் தன் பக்கம் இழுத்து, என் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"ஆமாக்கா. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவளுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குக் குழப்பம் இரட்டிப்பானது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அறுந்துபோனது. ஒருத்தி சோறு வைப்பாள், ஒருத்தி சாப்பிடுவாள். ஊரில் ஓடிப்போனவர்கள் எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேட்பாரில்லை.

ஒரு காலையில் அம்மா பானையில் மிச்சமிருந்த ஊர்க் கல்லுப்பையெல்லாம் வழித்தெடுத்தாள். ஒரு துண்டு சீலா மீனில் அதை அப்பி, டப்பாவில் போட்டு, பாட்டில் இருந்த அதே ஜன்னலில் வைத்தாள். தினமும் எழுந்ததும் அதைத்தான் திறந்து பார்ப்பாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஈ ஓட்டுகிற வேலை என் தலையில். கருவாடு கெட்டுப்போகிறதே என்று அழுகிறவளைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லையே என்று தவித்தவள் அம்மா ஒருத்திதான்.

கடைசியில் ஒரு நாள் சிவந்தது. அம்மா அந்த டப்பாவைச் சித்தியின் முன்னால், இலை போட்டுப் பரிமாறுகிறவள்போல், ரெண்டு கையாலும் வைத்தாள்.

"வெளஞ்சிருக்கா பாரு" என்றாள்.

சித்தி மீனைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அடுத்து ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். ஒரு துண்டுக் கெட்ட மீனுக்கு இந்த அழுகையா? நாற்றம்தான் கண்ணைக் கரிக்கிறதோ என்று நான் போய் ஜன்னல் கதவுகளை நன்றாகத் திறந்துவிட்டேன்.

சோதனை முடிந்தது. சித்தி ஒரு மழை நாளில் ஹேடோவிலிருந்து கப்பலேறினாள். பையில், துணிக்கு நடுவே பத்திரமாக, மூடி இறுக்கிய ஒரு சிவப்பு பாட்டில். அம்மா கடைசிவரை சிரித்த முகமாகத்தான் கை காட்டினாள்.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, "பானி ஆ கயா!" என்று ஆன்ட்டி கத்தினார். அம்மா அசையவில்லை. வெறும் ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே குழாயடியில் வைத்திருந்த குடம் நிரம்பி, வழிந்து, தண்ணி சாக்கடைக்கு ஓடியது. நான் பதறிப்போய், "அம்மா, நல்ல தண்ணி போவுது!" என்றேன்.

"போவட்டும்" என்றாள்.

நானே ஓடிப்போய்க் குழாயை அடைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே கவலை. மெயின்லேண்டில் யாராவது விவரம் தெரியாமல் அந்த பாட்டிலில் நல்ல தண்ணியை ஊற்றிவிட்டால் அந்தக் கிருமி என்ன பாடுபடும் என்ற கவலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்காகக் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.