ஆளுக்கொரு பிள்ளை

பிள்ளை ஆருக்கு எண்ட வழக்கில வேலை செய்யிறவனுக்கு ரெண்டு வீட்டிலயும் நல்ல பேர் கிடைக்காது. நீதிமன்றம், கோடு எண்டு படி ஏறி இறங்கின உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியத் தேவல்ல. நான் மட்டக்களப்பில நன்னடத்தைக் கந்தோரில கிளாக்கர். பிள்ளைகளை விசாரிச்சு அவங்களுக்காகப் பேசச் சொல்லிக் கோடு நியமிக்கிற உத்தியோகத்தர் பாமினி மிஸ். என்னைவிடப் பதினைஞ்சு வயசு குறைவு, பிடிவாதம் என்னைவிட ரெட்டிப்பு. அவ ஸ்கூட்டியில முன்னுக்குப் போவா, நான் பைல்கட்டோட பின்னால. இது ஒரேயொரு வழக்கின்ட கதைதான்.

சம்மதம்

தாய்க்கு அமிர்தகழி. தகப்பன் புளியந்தீவில கடை வச்சிருக்கிற ஆள். பிரிஞ்சாச்சு. பிள்ளைகள் ரெண்டு: கிஷானிக்குப் பத்து, தம்பி அபிக்கு ஆறு. எங்கட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தானே. அதால பொட்டை வீட்டோட சேத்துத் தாய்க்கு, பொடியன் தகப்பனுக்கு எண்டு பெரியாக்கள் கூடிப் பேசி முடிச்சிட்டாங்க. சண்டை சச்சரவு இல்ல. எனக்கெண்டா பெரிய சந்தோசம். ஒரே பக்கத்தில அறிக்கையை அடிச்சுக் கையெழுத்துக்கு நீட்டினன். மிஸ் வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடாம, குறுக்கால கிறுக்கி என்ட கையிலயே தந்தா.

"பிள்ளைகளைக் காணாமலே அடிச்சிட்டீங்களே அண்ணன், மாட்டைப் பிரிக்கிறதெண்டாலும் ஒருக்காப் பாத்துத்தானே பிரிப்பாங்க."

எனக்குச் சுறுக்கெண்டு கோவம் வந்திச்சு. பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால போனன்.

தேத்தண்ணி

தாய்ட வீட்டில தேத்தண்ணி தந்தாங்க. வேணாமெண்டா மரியாதை இல்லயே, மிஸ் குடிச்சா. நான் ரெண்டு வாழைப்பழமும் சாப்பிட்டன். அதுதான் பிழை. நாங்க பாலம் கடந்து தகப்பன்ட வீட்டுக்குப் போக முந்தி செய்தி போயிட்டு. மனுசன் முகத்தை உம்மெண்டு வச்சுக்கொண்டு நிக்கிறார். கந்தோர் ஆக்கள் தாய்ப் பக்கம் சாய்ஞ்சிட்டாங்களாம். மிஸ் தேத்தண்ணி இல்லயா எண்டு தானே கேட்டு வாங்கிக் குடிச்சா. நானும் வயிறு முட்டக் குடிச்சன். அப்பவும் ஆளுக்கு மனம் ஆறல்ல.

"அங்க தந்தது என்ன வாழைப்பழமெண்டு சொல்லுங்க, அதையும் எடுப்பிக்கிறன்."

நேத்து

அம்மாவா அப்பாவா விருப்பம் எண்ட கேள்வியை மிஸ் ஒரு பிள்ளைக்கிட்டயும் கேக்க மாட்டா. ஆனா பிறகொரு நாள் தாய்ட வீட்டில கிஷானி, நாங்க கேக்க முந்தியே ஒப்புவிச்சாள்: தனக்கு அம்மாவாம், தம்பிக்கு அப்பாவாம், விருப்பமாம். ஆரோ நல்லாப் பாடமாக்கி விட்டிருக்காங்க. மிஸ் தலையாட்டிட்டு, நேத்து என்ன செஞ்ச நீ எண்டு மட்டும் கேட்டா. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் முழுக்கத் தம்பிக்குச் சப்பாத்து லேஸ் கட்டப் பழக்கினாளாம். அவன் ஏலாதெண்டு அழுதானாம், இவள் விடல்லயாம். ஏன் மகள் இவ்வளவு அவசரம் எண்டு கேட்டா மிஸ்.

"அங்க போனா அவனுக்கு ஆரு கட்டிவிடுற?"

நான் பேனையை வச்சிட்டன். வெக்கமாப் போச்சு. கந்தோருக்கு வந்ததும் அந்த ஒரு பக்க அறிக்கையை நானே கிழிச்சுப் போட்டன்.

கோடு

பிரிக்கக் கூடாதெண்ட எங்கட புது அறிக்கையைப் பாத்திட்டுத் தகப்பன்ட சட்டத்தரணி எழும்பி, தாயும் சம்மதம் தகப்பனும் சம்மதம், கந்தோருக்கு இதில என்ன வருத்தம் எண்டு கேட்டார். நான் பைலை மிஸ்ட பக்கம் தள்ளினன். மிஸ் பைலைத் திறக்கவேயில்ல.

"ரெண்டு பேர் சம்மதிச்சிருக்காங்க, ஐயா. மற்ற ரெண்டு பேரும் வெளிய மர வாங்கில குந்தி இருக்காங்க, அக்காட மடியில தம்பி நித்திரை."

மனுசியெண்டா இவதான் மனுசி எண்டு அப்ப நினைச்சன், இப்பவும் நினைக்கிறன். நீதிபதி பிள்ளைகளைத் தன்ட அறைக்குக் கூப்பிட்டுக் கதைச்சார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: பிள்ளைகளைப் பிரிக்கேலாது. பள்ளிக்கூட நாளில ரெண்டு பேரும் அமிர்தகழியில, வெள்ளி பின்னேரத்தில இருந்து ஞாயிறு வரைக்கும் ரெண்டு பேரும் புளியந்தீவில. தகப்பன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் எண்டு கேட்டார்.

வெளிய மிஸ் குந்தியிருந்து பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினா. கிஷானி குனிஞ்சு தம்பிட சப்பாத்தைப் பாத்தாள். அவன் தானே கட்டின முடிச்சு, ஒரு பக்கம் கோணல். அதை அவிழ்த்தாள்.

"இனி நான் கட்டிவிடுறன், நீ மறந்தாலும் காரியமில்ல."

ரெண்டு வீட்டிலயும் எங்களுக்கு இன்னும் நல்ல பேர் இல்ல, ஆனா போற நேரமெல்லாம் ரெண்டு வீட்டிலயும் ஒரே இன வாழைப்பழம்தான் வைக்கிறாங்க.