மாஸ்டர் வேண்டாம், பையன்களைக் கூப்பிடுங்கள்

மைக்செட்காரனின் வேலை குழாய் கட்டுவதோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் பாக்கியவான்கள். எந்தக் குழுவைக் கூப்பிடலாம் என்று ஊர் கேட்டால் சொல்வதும், கச்சேரி சொதப்பினால் திட்டு வாங்குவதும் அவனேதான். கோயில் கமிட்டிகளிடம் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தங்கவேலு மாஸ்டரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். விழுப்புரம் வட்டாரத்தில் முதன்முதலாக மேடையில் எலக்ட்ரிக் ஆர்கன் வாசித்தவர் அவர். கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. "இன்னும் புதுப் பசங்களத்தான் தூக்கிக்கினு திரியறியா?" என்றார். "ஆமாங்க மாஸ்டர்" என்றேன். "நீ உருப்பட மாட்டே. இந்தா, மல்லாட்டை துன்னு."

நான் அப்படித் தூக்கித் திரிந்தது எண்பதுகளில், மரக்காணம் குப்பத்து ஏழுமலையையும் அவன் கூட்டாளி காசிமையும். ஏழுமலை கீபோர்டு, காசிம் பாட்டு. மாஸ்டர் பல வருஷமாக வாசித்ததையே வாசித்தார். இவர்கள் வாரத்துக்கு ஒரு புதுச் சத்தம் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஏழுமலையின் அப்பா கெடு வைத்துவிட்டார்: ஆடி முடிவதற்குள் நாலு ஊர் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் கீபோர்டை விற்று வலை வாங்குவார், பையன் கடலுக்குப் போக வேண்டும். எனக்கு வரும் வேலையில் பாதி மாஸ்டரின் கச்சேரிகள். என் மனைவி சொன்னாள்: "மாஸ்டரு கோவிச்சிக்கினா மைக்செட்ட நம்ம வூட்டுக்குள்ளதான் கட்டிக்கணும்."

தலைக்கு ஒரு துண்டு

பெருமுக்கல் பக்கத்தில் ஓர் ஊர். வாசிக்கிறவர்களுக்குத் தலைக்கு ஒரு துண்டு போர்த்துவது அங்கே வழக்கம். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் மட்டும் இறங்கியதும் ஒரு குழுவுக்கே துண்டு வாங்கி வைத்திருந்த ஊர்த் தலைவரின் முகம் சுருங்கியது. வயலின், புல்லாங்குழல், தபலா எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன என்று விளக்கினேன். நம்பவில்லை. வயலின் சத்தம் வந்தபோது எழுந்துபோய் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

முடிவில் பையன்களுக்குப் போர்த்திவிட்டு, மிச்சத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீபோர்டுக்குப் போர்த்தினார். எதற்கு என்றேன். "உள்ள இருந்து வாசிச்சவங்களுக்கும் மரியாத செய்யணும் இல்லீங்களா?"

கரண்டு போனது

பிரம்மதேசத்துப் பக்கம் பாதிப் பாட்டில் கரண்டு போய்விட்டது. மாஸ்டராக இருந்தால் ஆர்மோனியத்தை எடுத்துச் சமாளித்திருப்பார் என்று முன்வரிசையில் முணுமுணுப்பு. கீபோர்டு பேட்டரியிலும் வேலை செய்யும். எங்களிடம் பேட்டரி இல்லை. கூட்டத்திலிருந்த டார்ச் லைட்டுகளை எல்லாம் வாங்கி, பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிக் கீபோர்டில் போட்டோம். ஊரே நெருங்கி உட்கார்ந்து கேட்டது. கட்டை தீரும்வரை விடவில்லை. எழுந்தபோது ஒரு பெரியவர் வெறும் டார்ச்சை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "பாட்டு ஷோக்காத்தான் இருந்திச்சி, இப்ப வூட்டுக்கு எப்படிப்பா போறது?"

மூன்றாவது ஊரில் மழை. சொல்ல ஒன்றுமில்லை.

மூணரை ஊர்

முகையூர் பக்கத்துக் கமிட்டி மாஸ்டர்தான் வேண்டும் என்றது. கெஞ்சி, முதல் பாதியைப் பையன்களுக்கு வாங்கினேன். ஏழுமலையின் அப்பா கீபோர்டை எடுத்துப்போகக் கோணிச் சாக்கோடு வந்திருந்தார்.

பையன்கள் நன்றாகவே வாசித்தார்கள். அடுத்து மேடையேறிய மாஸ்டர், சும்மா கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். உடனே டிரம்ஸ் முழங்க ஆரம்பித்தது. இன்னொன்றை அமுக்கினார், வேகம் கூடியது. "டேய், இத எப்படிடா நிறுத்தறது?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "நிறுத்த வேணாங்க மாஸ்டர், மேல வாசிங்க" என்றான் ஏழுமலை. முறைத்தார். பிறகு வாசித்தார். காசிம் பாடினான். அவருடைய ஆர்கனுக்கு அன்று போட்ட உறை போட்டபடியே இருந்தது.

முடிந்ததும் அப்பா வந்தார். "பாதிக் கச்சேரிக்கித்தான் கூப்ட்டாங்க. கணக்குக்கு மூணரை ஊருதான்" என்றார். ஏழுமலை கீபோர்டை நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாஸ்டரையும் பார்த்தார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மாஸ்டருக்கே நிறுத்தத் தெரியாத பொட்டிய எவன் வாங்குவான்? நீயே வச்சிக்கினு வாசி."

மாஸ்டரும் இல்லை, என் மனைவியும் இல்லை. இப்போது ஏழுமலைதான் மாஸ்டர், தனக்குப் பதிலாகப் புதுப் பையன்களைக் கூப்பிடச் சொல்லும் மைக்செட்காரர்கள்மேல் அவனுக்கு ஏகக் கோபம்.